இளங்கன்று பயம் அறியும்

பதின்ம வயதில் பிள்ளை வைத்திருக்கிற நாலு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் போன், பைக், சேர்க்கை, சிகரெட் என்றுதான் போய் நிற்கும். யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு "இளங்கன்று பயமறியாது" என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பழமொழி அழகாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பிள்ளைகளைப் பாதுகாக்கிற மொத்த வேலையையும் நாம் அதன் மேல்தான் கட்டியிருக்கிறோம். பயம் இல்லாததால்தான் ஆபத்தில் இறங்குகிறார்கள், பயத்தை ஊட்டிவிட்டால் ஒதுங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. அதனால் கறுத்துப்போன நுரையீரல் படம், விபத்து வீடியோ, 'அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆச்சு தெரியுமா' கதை.

என் வீட்டில் இந்த வயதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதனால் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்க அந்தக் கணக்கு உதைக்கிறது.

முதலில், பயமே இல்லை என்பது உண்மையில்லை. ஆபத்தை எப்படி எடைபோடுகிறோம் என்று ஆராய்கிற வாலெரி ரெய்னா போன்றவர்கள் சொல்வது, பதின்ம வயதினர் பல ஆபத்துகளை உள்ளதைவிடப் பெரிதாகவே நினைக்கிறார்கள் என்பது. பெரிதாக நினைத்தும் செய்கிறார்கள், ஏனென்றால் மறுபக்கத்தில் கிடைக்கப்போகிற சந்தோஷம், மரியாதை, 'நானும் உங்களில் ஒருவன்' என்ற இடம், இதெல்லாம் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இதில் ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. சுறாக்களோடு நீந்துவது நல்ல யோசனையா, தலைமுடிக்குத் தீ வைத்துக்கொள்வது நல்ல யோசனையா என்ற மாதிரிக் கேள்விகளைப் பெரியவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் கேட்டார்கள். இரு தரப்பும் இல்லை என்றுதான் சொன்னது, ஆனால் இளையவர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதாவது அவர்கள் யோசித்தார்கள்! பெரியவர்கள் யோசிக்கவே இல்லை, கேள்வியைக் கேட்டதுமே வயிறு கலங்கி 'வேண்டாம்' என்றுவிட்டார்கள். யோசிக்காததால் வருகிற வினை என்று நாம் நினைக்கிற இடத்தில், அவர்கள் லாப நட்டக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

2012இல் ஆக்னியெஷ்கா டிமுலாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. லாட்டரி மாதிரி ஒரு விளையாட்டு. ஜெயிக்கிற வாய்ப்பு இவ்வளவு, தோற்கிற வாய்ப்பு இவ்வளவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பதின்ம வயதினர் பெரியவர்களைவிட எச்சரிக்கையாகவே ஆடினார்கள். வாய்ப்பு எவ்வளவு என்பதை மறைத்துவிட்டால்தான் துணிந்தார்கள். தெரியாததைக் கண்டு பெரியவர்கள் பின்வாங்குகிற அளவுக்கு அவர்கள் பின்வாங்குவதில்லை. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகத்தில் பாதிக்கு மேல் இன்னும் தெரியாத வயதில், தெரியாததையெல்லாம் கண்டு ஒதுங்கினால் ஒன்றையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் வீட்டில் இதற்கு ஒரு பயன் இருக்கிறது. "அதெல்லாம் ரொம்ப மோசம், கிட்டவே போகாதே" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது நாம் வாய்ப்பை மறைத்துவிடுகிறோம், அவர்கள் துணிகிற வகையான விளையாட்டாக அதை நாமே மாற்றிவிடுகிறோம். எது, எவ்வளவு, எந்தச் சூழ்நிலையில் ஆபத்து என்று உள்ளதை உள்ளபடி சொல்வது மேல்.

அடுத்தது மூளை. இப்போதெல்லாம் யாரைக் கேட்டாலும் 'டீன்ஏஜ் மூளை' பற்றி ஒரு சொற்பொழிவு தருகிறார்கள். ஆசையையும் கிளர்ச்சியையும் தூண்டுகிற பகுதிகள் பூப்புப் பருவத்தோடு சுறுசுறுப்பாகிவிடுகின்றன, நிதானமாக அடக்கிப் பார்க்கிற முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை மெதுவாக முதிர்கிறது, இந்த இடைவெளியில்தான் வம்பு என்பது அதன் சாரம். தவறில்லை, ஆனால் பாதிக் கதை. அமைதியான சூழலில், நேரம் கொடுத்து, ஒரு முடிவை யோசித்துச் சொல்லச் சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய பெரியவரைப் போலவே யோசிக்கிறது என்று லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் போன்ற உளவியலாளர்களே காட்டியிருக்கிறார்கள். சூழல் சூடாகும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. அவரும் மார்கோ கார்ட்னரும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு, மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறீர்கள் என்று பார்ப்பார்கள். 13 முதல் 16 வயது, 18 முதல் 22 வயது, 24 வயதுக்கு மேல் என்று மூன்று குழு. தனியாக ஆடியபோது மூன்று குழுவும் பெரிய வித்தியாசமில்லாமல் ஆடியது. நண்பர்களைப் பக்கத்தில் உட்கார வைத்ததும் இளையவர்களின் துணிச்சல் இரட்டிப்பானது, நடுக்குழுவுக்குப் பாதி கூடியது, பெரியவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. 2011இல் இதே மாதிரி ஒன்றை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துச் செய்தபோது நண்பர்கள் பக்கத்தில்கூட இல்லை, வேறு அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணமே போதுமாக இருந்தது. யாரும் உசுப்பேற்றவில்லை, 'டேய் போடா' என்று ஒரு குரல்கூட இல்லை!

ஆகவே நாம் 'கெட்ட சகவாசம்' என்று சொல்வதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நல்ல பையன்கள் நாலு பேர் சேர்ந்தாலும் இது நடக்கும். சேர்க்கையின் குணம் ஒரு பங்கு, சேர்ந்திருக்கிறார்கள் என்பதே ஒரு பங்கு. பல நாடுகளில் புதிதாக ஓட்டுநர் உரிமம் வாங்கிய இளையவர்களுக்கு முதல் சில மாதங்கள் சக வயதினரை ஏற்றிக்கொண்டு ஓட்டக்கூடாது, இரவில் ஓட்டக்கூடாது என்று விதி இருப்பது இதனால்தான், அந்த விதிகள் உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கின்றன. உலக அளவில் 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த விதி யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, யார் குணத்தையும் மாற்றப் பார்க்கவில்லை. எந்த நேரம், யாரோடு என்பதை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தது.

சரி, இதுவரை சொன்னது துணிச்சல் பக்கம். எனக்கு உண்மையில் கவலை தருவது அதுவல்ல, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் பதினைந்து வயது. இரண்டு பேரும் ஒரே இரவில், ஒரே விருந்தில் முதல் முறையாகக் குடித்துவிட்டார்கள். ஒருத்திக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ண ஒரு எண் இருக்கிறது, அம்மாவோ சித்தியோ வந்து வாயைத் திறக்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், திட்டு காலையில் விழும். இன்னொருத்திக்கு அப்படி யாரும் இல்லை, வீட்டுக்குத் தெரிந்தால் அடி, அதனால் 'நான் கொண்டு விடுகிறேன்' என்று சொல்கிற முன்பின் தெரியாத ஆளோடு போகிறாள். செய்த காரியம் ஒன்றுதான், அறிவும் ஒன்றுதான், இருவருக்கும் மது கெடுதல் என்று தெரியும். ஆபத்தில் இறங்குவது வேறு, இறங்கினால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் இருப்பது வேறு. நம் கவனம் முழுக்க முதலாவதில் இருக்கிறது, பிள்ளைகள் சிதைவது பெரும்பாலும் இரண்டாவதில்.

இந்த இரண்டாவது விஷயம் பிள்ளைகளுக்கிடையே சமமாகப் பங்கிடப்படவில்லை. வீட்டில் குடிநோயாளி இருப்பது, அடி உதை, பாலியல் துன்புறுத்தல், வறுமை, பள்ளியிலிருந்து நின்றுபோவது, உடல் குறைபாடு, எல்லோரும் கேலி செய்யும் ஏதோ ஒரு வித்தியாசம், ஊர் விட்டு ஊர் பெயர்ந்து வந்த நிலை. 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். அமெரிக்காவின் சான் டியேகோவில் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த பெரியவர்களிடம், மொத்தத்தில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம், அவர்களுடைய சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டார்கள். எத்தனை வகைத் துன்பம் என்ற எண்ணிக்கை கூடக் கூட, பிற்காலத்து நோயும் படிப்படியாகக் கூடியது. ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் நாலு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இவையெல்லாம் 4 முதல் 12 மடங்கு அதிகம். இந்த எண்ணிக்கையை வைத்து இணையத்தில் பலர் தங்களுக்கே ஜாதகம் கணித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆண்டாவே பிற்பாடு எழுதியிருக்கிறார். கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது, உங்கள் பிள்ளையைப் பற்றியதல்ல.

மைக்கேல் ரட்டர் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1970களில் கண்டது இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. குடும்பத்தில் ஒரே ஒரு நெருக்கடி மட்டும் இருந்த பிள்ளைகள், எதுவும் இல்லாத பிள்ளைகளைப் போலவே பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள். இரண்டு சேர்ந்தபோது சிக்கல் பல மடங்கானது, நாலு சேர்ந்தபோது இன்னும் எகிறியது. பாரங்கள் ஒன்றோடொன்று கூடவில்லை, பெருகின. பலர் இதைப் படித்துச் சோர்ந்துபோகிறார்கள், எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. எல்லாப் பாரத்தையும் இறக்க முடியாவிட்டாலும் ஒன்றைக் குறைத்தால் விளைவு ஒன்றைவிட அதிகமாக இருக்கும். அப்பாவின் குடியை ஒரு ஆசிரியரால் நிறுத்த முடியாது, ஆனால் அந்தப் பையனை வகுப்பில் நாலு பேர் கேலி செய்வதை அவரால் நிறுத்த முடியும்.

ஹவாயைச் சேர்ந்த காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, பெற்றோரின் மனநோய், குடி என்று பல பாரங்களோடு பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் எந்தப் பெரிய சேதமும் இல்லாமல், அக்கறையும் திறமையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். எப்படி என்று தேடியபோது பல காரணங்கள் கிடைத்தன, அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்று: அந்தப் பிள்ளையின் மேல் நிலையான அன்பு வைத்த ஒரு பெரியவராவது இருந்தார். அம்மா அப்பாவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டி, அத்தை, ஒரு டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருந்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது மற்ற மூன்றில் இரண்டு பங்கைப் பற்றிய கதை. பதினெட்டு வயதில் சட்டச் சிக்கல், இளவயதுக் கர்ப்பம், மனநலச் சிக்கல் என்று இருந்தவர்களில் பலர் முப்பதுகளில் மேலேறி வந்திருந்தார்கள், மறுபடி படித்தோ, நல்ல துணை கிடைத்தோ, ஒரு வேலையில் நிலைத்தோ. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று கேட்பவர்கள் பதினைந்தையும் இருபத்தைந்தையும் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது, நல்லெண்ணத்தோடு செய்து கெட்டுப்போன சில முயற்சிகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை இன்னும் வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கின்றன. 1970களில் அமெரிக்காவில் தவறு செய்த சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைக்கிற ஒரு திட்டம் பிரபலமானது. பார்ப்பவர்களுக்கு ரொம்பத் திருப்தியான காட்சி, பையன்கள் அழுதார்கள், பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு முறையான சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது, அதில் கலந்துகொண்ட பிள்ளைகள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். பயனில்லை என்றால்கூடப் பரவாயில்லை, கெடுதலாக முடிந்திருக்கிறது. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கு வந்து போதையைப் பற்றிப் பாடம் எடுத்த 'டேர்' திட்டம் ஏகப்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் பின்னாளில் போதைப்பொருள் எடுப்பதை அது குறைத்த மாதிரி தெரியவில்லை என்றே ஆய்வுகள் சொல்லின. காரணம் நாம் முன்பே பார்த்ததுதான், குறைவாக இருந்தது பயமும் இல்லை, தகவலும் இல்லை.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. 'பிரச்சினை உள்ள பையன்களை' எல்லாம் பொறுக்கி எடுத்து ஒரே குழுவில் போட்டு முகாம் நடத்துவது. மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய ஒரு பெரிய முயற்சியில் சிறுவர்களுக்கு ஆலோசகர்களும் மருத்துவ உதவியும் கோடை முகாமும் ஏற்பாடு செய்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது, ஒரு தடவைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களிடம் இந்தச் சேதம் குறிப்பாகத் தெரிந்தது. 1999இல் தாமஸ் டிஷியனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது. ஒருவன் செய்த சேட்டையைச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புதான் பாடம். திருத்த வந்தவர் என்ன சொன்னார் என்பது அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்பதில்லை. ஆகவே பள்ளியில் உங்கள் பிள்ளையை அப்படி ஒரு தனிக் குழுவில் சேர்க்கிறார்கள் என்றால், குழுவில் வேறு யார் யார், நன்றாக இருக்கிற பிள்ளைகளும் கலந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பலன் தந்த முயற்சி என்றால் ஐஸ்லாந்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், கொஞ்சம் நிபந்தனையோடு. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள், 23 சதவீதம் பேர் தினமும் புகைபிடித்தார்கள். 2016இல் அவை 5, 3 சதவீதம். அவர்கள் செய்தவை எல்லாம் அலுப்பூட்டுகிற அளவுக்குச் சாதாரணமானவை. 18 வயதுக்குக் கீழே புகையிலையும் 20 வயதுக்குக் கீழே மதுவும் வாங்க முடியாது. பள்ளி முடிந்த பிறகு விளையாட்டு, இசை, நடனம் என்று சேர்வதற்கு ஏழைப் பிள்ளைகளுக்கும் கைக்கெட்டும்படி அரசுப் பணம். 13 முதல் 16 வயதினர் பெரியவர் துணையில்லாமல் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேலும் கோடையில் நள்ளிரவுக்கு மேலும் வெளியே சுற்றக்கூடாது. பெற்றோர் ஒருவரோடொருவர் பேசி ஒரே மாதிரியான விதிகளை ஒப்புக்கொள்வது, பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருப்பது. பள்ளிகளில் அடிக்கடி கணக்கெடுத்து, அந்தந்த இடத்து முடிவை அந்தந்த இடத்துப் பெற்றோருக்கே காட்டினார்கள். நிபந்தனை என்னவென்றால், அது நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு, பணம் உள்ள நாடு, இருபது வருடம் விடாமல் செய்தார்கள். ஊரடங்கு விதியை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து வேறு எங்காவது ஒட்டினால் போலீஸ் தொல்லைதான் மிஞ்சும். ஆனால் ஒன்று கவனியுங்கள், அங்கேயும் வேலை செய்தது நேரம், இடம், துணை. 'போதை கெட்டது' என்று பிள்ளைகளிடம் சொல்வது அங்கேயும் நடந்து தோற்ற பிறகுதான் இதற்கு வந்தார்கள்.

வீட்டுக்கு வருகிறேன். என்னிடம் அதிகமாக வருகிற கேள்வி, பிள்ளையின் போனைக் கண்காணிக்க எந்த ஆப் நல்லது என்பது. கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பயந்துபோய்த்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது 2000ஆம் ஆண்டு ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் செய்த ஒரு ஆய்வு. அதற்கு முன்னால் எல்லோரும் நம்பியது, பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகச் சிக்கலில் மாட்டுகிறார்கள், ஆகவே கண்காணித்தால் நல்லது என்பது. இவர்கள் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: அந்தப் பெற்றோருக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது? பதினான்கு வயதுப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் விசாரித்ததில், துருவிக் கேட்டதாலும் கட்டுப்பாட்டாலும் தெரிந்தது கொஞ்சம்தான். பெரும்பாலும் பிள்ளை தானே வந்து சொன்னதால்தான் தெரிந்திருந்தது. காப்பாற்றுவது வேவு பார்ப்பதல்ல, சொல்லும் பழக்கம். அந்தப் பழக்கம் ஒரு முறை உடைந்தால், எந்த ஆப்பும் அதை ஈடுகட்டாது, இரண்டாவது போன் வாங்க எந்தப் பிள்ளைக்கும் அதிக நாள் ஆகாது.

அப்படியென்றால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும். 'தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்' என்பதை நான் பாதிதான் ஏற்கிறேன். அவர்களுக்குத் தோழர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், பெற்றோர் வேறு யாரும் இல்லை. அன்பும் உண்டு, விதியும் உண்டு, விதிக்குக் காரணமும் சொல்லப்படும் என்று இருக்கிற வீடுகள், வெறும் கண்டிப்பு வீடுகளையும் வெறும் செல்ல வீடுகளையும்விட நன்றாகச் செய்கின்றன என்பது டயானா பௌம்ரிண்ட் 1960களில் தொடங்கிவைத்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் ஒரு குறிப்பிட்ட சொல்லை மெசேஜில் அனுப்ப வேண்டும், நான் உடனே போன் பண்ணி 'வீட்டில் அவசரம், கிளம்பு' என்று சத்தமாகச் சொல்வேன், நண்பர்கள் முன்னால் அவர்களுக்கு மானம் போகாது, என்னைத் திட்டிக்கொண்டே கிளம்பிவரலாம். வரும் வழியில் கேள்வி இல்லை. மறுநாள் பேச்சு உண்டு, அது பேச்சாக இருக்கும், விசாரணையாக இருக்காது. அப்புறம், முகத்துக்கு முகம் உட்கார வைத்து 'உன்கிட்ட பேசணும்' என்று தொடங்குவது எந்த வீட்டிலும் உருப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. பாத்திரம் கழுவும்போது, வண்டியில் போகும்போது, இரண்டு பேரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிற வார்த்தைகள்தான் உண்மையானவை.

இந்தச் சொல்லும் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்றைய உதாரணம் ஒன்று. இணையத்தில் ஒரு பெண்போலப் பழகி, அந்தரங்கப் படம் வாங்கி, பிறகு 'பணம் கொடு, இல்லையென்றால் எல்லோருக்கும் அனுப்புவேன்' என்று மிரட்டுகிற கும்பல்கள். 14 முதல் 17 வயதுப் பையன்கள்தான் இதில் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது. மகளுக்குத்தான் இந்தப் பயம் என்று நினைக்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மிரட்டுகிறவனின் ஒரே பலம், பையன் வீட்டில் சொல்ல மாட்டான் என்பது. சில பையன்கள் சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். செய்ய வேண்டியது: பணம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். மிரட்டுகிற அந்த இணையக் கணக்கோடு பேச்சை நிறுத்தி, ஆனால் உரையாடலை அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு, போலீஸிலும் அந்தத் தளத்திலும் புகார் செய்ய வேண்டும். 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த படமாக இருந்தால், படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, இதில் சேர்ந்திருக்கிற தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவும். இதையெல்லாம் பிள்ளைக்கு இப்போதே, எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில் சொல்லிவைக்கலாம். 'உனக்கு இப்படி நடந்தால் தப்பு உன் மேல் இல்லை, என்னிடம் வா' என்ற ஒரு வரியோடு.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதின்ம வயதில் உடல் கடிகாரம் தானாகவே பின்னால் தள்ளிப்போகிறது, இரவு தூக்கம் தாமதமாக வருவது முழுக்கச் சோம்பேறித்தனமோ போனோ இல்லை. 8 முதல் 10 மணி நேரம் தேவைப்படுகிற வயது. பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014லேயே பரிந்துரைத்தது. தூக்கம் குறைந்த பிள்ளையிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மனநலம் தனிப் பதிவாக எழுத வேண்டியது, இங்கே சுருக்கமாக. 10 முதல் 19 வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாழ்நாளில் வருகிற மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான ரொனால்டு கெஸ்லரின் ஆய்வு காட்டியது. இந்த வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது, எரிச்சலாக, கோபமாக வரும், 'திமிர்' என்று நாம் பெயர் வைத்துவிடுவோம். பிடித்த விஷயங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமே இல்லாமல், தூக்கமும் சாப்பாடும் மாறிப்போயிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது, கேட்கலாம், கேட்க வேண்டும். அப்படி ஒரு கவலை இருக்கிற வீட்டில் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கிற நேரம் பல சமயம் குறுகியது, அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

கடைசியாக, சொந்தப் பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ மாணவனோ, உங்களிடம் வந்து 'ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது' என்று தொடங்குகிற நாள் வரும். உடனே சத்தியம் பண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். 'உன் உயிருக்கு ஆபத்து, உன்னை யாரோ துன்புறுத்துகிறார்கள், அல்லது நீ வேறு யாரையோ காயப்படுத்தப் போகிறாய், இந்த மூன்று மட்டும் என்றால் நான் தனியாக வைத்துக்கொள்ள மாட்டேன், அப்போதும் யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன், மற்றதெல்லாம் என்னோடு இருக்கும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் பள்ளி ஆலோசகர்களும் இளையோர் மருத்துவர்களும் முதல் சந்திப்பிலேயே ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். சில பிள்ளைகள் இதைக் கேட்டதும் அன்றைக்கு எழுந்து போய்விடும். போகட்டும், வாசல் வரை கூடவே போய், நாளைக்கு எத்தனை மணிக்கு நீங்கள் ஃப்ரீ என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.